ஊர் எப்படிப் பார்த்தால் என்ன என்று கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரில் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். திருநங்கைகளுக்கு நலவாரியம் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, டவுன் பஸ்ஸில் காசு வேண்டாம், இதற்கு மேலும் எங்களைப் பெண்ணாகப் பாருங்கள், பெண்ணாகக் கூப்பிடுங்கள் என்று ஏன் கேட்க வேண்டும், மனசுக்குள் பெண் என்றால் அதோடு நிம்மதியாக இருந்துவிட்டுப் போகலாமே, ஊர் எப்படிப் பார்த்தால் என்ன என்று கேட்டிருந்தார். திட்டவில்லை, மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். அதனால்தான் பதில் எழுதுகிறேன். திட்டியிருந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

எனக்கு ஊர் தேனி மாவட்டம் கூடலூர். திருநங்கை. வயது 41. கேரள எல்லைக்குள் இருக்கிற குமுளியில் சின்னதாக ஒரு தையல் கடை போட்டிருக்கிறேன். காலையில் லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறி அந்தப் பக்கம் போவேன், சாயங்காலம் இறங்கி இந்தப் பக்கம் வந்துவிடுவேன். அதற்கு முன்னால் நாலு வருஷம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்க் காய் எடுத்திருக்கிறேன். அதற்கும் முன்னால் ஏழு வருஷம் ஊரிலேயே இல்லை, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

ஊர் எப்படிப் பார்க்கிறது என்பது எங்களுக்கு முக்கியமா? முக்கியம்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் எது முக்கியம் என்பதில்தான் அந்தக் கடிதம் எழுதியவருக்கும் எனக்கும் கணக்கு மாறுகிறது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். நல்ல கட்டு மீசை, திராட்சைத் தோட்டத்தில் பந்தல் வேலை, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. குரல் மட்டும் மெல்லிசு. போனில் பேசினால் எதிர்ப்பக்கம் 'சொல்லுங்க மேடம்' என்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சிவந்து 'மேடம் இல்லங்க, சார்' என்று கத்துவார், சில நாள் போனையே தூக்கிப் போடுவார். தெருவே அவருக்குப் பரிந்து பேசும். பாவம், மனுஷனுக்கு அசிங்கமாக இருக்காதா என்பார்கள். அவரைப் பார்த்து ஒருத்தராவது, நீ மனசுக்குள்ள ஆம்பளைதானே, அவன் மேடம்னு சொன்னா என்ன, சும்மா இரு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு நாளில் ஒரு தடவை, அதுவும் முகம் தெரியாத ஒருவரிடமிருந்து வருவது எனக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை, முகத்துக்கு நேராக வரும். அவருக்கு வலிப்பது வலி, எனக்கு வலித்தால் அது வீம்பா?

இதில் நம் தமிழுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தினமும் இரண்டு பாஷைக்கு நடுவில் போய் வருவதால் எனக்கு இது நன்றாகவே தெரியும். மலையாளத்தில் 'வந்நு' என்றால் முடிந்தது. சேட்டன் வந்நு, சேச்சி வந்நு, குட்டி வந்நு, எல்லாருக்கும் ஒரே வந்நுதான். தமிழில் அப்படி முடியாது. ஒருவரைப் பற்றி வாயைத் திறந்தால், வாக்கியம் முடிகிற இடத்தில் அவர் ஆணா பெண்ணா என்று சொல்லியே ஆக வேண்டும். வந்தான், வந்தாள், போனான், போனாள். 'வந்தார்' என்று மரியாதை போட்டுத் தப்பிக்கலாம்தான், ஆனால் கூலி வேலைக்குப் போகிறவளுக்கு எங்கள் பக்கத்தில் யார் 'வந்தார்' போடுகிறார்கள்? என்னைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் ஒரு நாளில் பத்துத் தடவை என்னைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல். வேண்டுமென்று செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேருக்குக் கண் என்ன சொல்கிறதோ நாக்கு அதையே சொல்கிறது.

அப்புறம் 'அது'. எங்கள் பக்கம் சின்னப் பெண் பிள்ளைகளைப் பாசமாக 'அந்தப் புள்ள வந்துச்சு, சாப்புட்டுச்சு' என்போம். அதே 'வந்துச்சு' எங்களுக்கு வரும்போது, 'அது வந்துச்சு பாரு' என்று வரும்போது, அதில் பிள்ளை இருக்காது, ஒரு பொருளைச் சுட்டுகிற மாதிரி இருக்கும். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். காதுக்குத் தெரியும்.

என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வரும் ஒரு டீச்சரம்மா, தமிழாசிரியையாக இருந்து ரிட்டையர் ஆனவர், இதைப் பேசிக்கொண்டிருந்தபோது நன்னூலில் ஒரு சூத்திரம் இருக்கிறது என்றார். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய இலக்கணப் புத்தகம். அதில் பவணந்தி முனிவர் சொல்கிறாராம்: பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவரை ஆண்பாலாகச் சொல்ல வேண்டும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவரைப் பெண்பாலாகச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி அடியில் அஃறிணை போலச் சொல்வதும் உண்டு என்றும் இருக்கிறது, அதையும் டீச்சரம்மா மறைக்கவில்லை. ஆனாலும் நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன். 'அவாவுவ' என்றுதான் அதில் வார்த்தையாம். அவாவுதல், ஆசைப்படுதல். பார்க்க எப்படி இருக்கிறார் என்று அந்த முனிவர் கேட்கவில்லை, எதை விட்டார், எதை விரும்பினார் என்றுதான் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நான் பிளஸ் டூ வரை படித்தேன், நன்னூல் என்ற பெயரை மனப்பாடம் செய்தேன், இந்தச் சூத்திரத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வகுப்பில் 'பொட்ட' என்ற பெயரோடு உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அது எவ்வளவு தேவையாக இருந்திருக்கும்!

சரி, கடைக்கு வருகிறேன். ஜாக்கெட் தைக்க வருகிறவர்களில் இரண்டு விதம் உண்டு. அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து 'இதே மாதிரி தச்சுடு' என்று போகிறவர்கள். இங்கேயே நின்று அளவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள். எல்லா டெய்லர் கடையிலும் இது உண்டு, ஆனால் என் கடையில் இதற்கு வேறு அர்த்தமும் இருக்கிறது. டேப்பைப் பிடித்தால் தோள், மார்பு, இடுப்பு, கைச்சுற்று என்று ஒரு பெண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்க வேண்டும், மூச்சு படும். கடை போட்ட புதிதில் எல்லாருமே அளவு ஜாக்கெட்தான் கொடுத்தார்கள். நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் உடம்பு, அவர்கள் இஷ்டம். அப்புறம் ஒருநாள் பக்கத்துக் காய்கறிக் கடைச் சேச்சி வந்தார், கை இரண்டையும் தூக்கி நின்றார், 'அளவெடுக்கு, பழைய ஜாக்கெட்டெல்லாம் டைட்டாயி' என்றார். அவ்வளவுதான். எனக்கு டேப்பில் நம்பர் தெரியவில்லை, கண் மறைத்தது. முப்பத்தெட்டா முப்பத்தாறா என்று இரண்டு தடவை பார்த்து எழுதினேன். அந்தச் சேச்சிக்கு நான் யார் என்று நன்றாகத் தெரியும். குமுளி பஜாரே அறிந்த விஷயம் அது.

இதைத்தான் சொல்ல வருகிறேன். எங்களுக்கு வேண்டியது கண்டுபிடிக்க முடியாதபடி இருப்பது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் எங்களைப் பாராட்டுகிறவர்கள்கூட 'உன்னப் பாத்தா தெரியவே இல்ல' என்கிறார்கள். நல்ல மனசோடு சொல்வதுதான். எனக்கும் இருபத்தைந்து வயதில் அதைக் கேட்டால் அன்றைக்கு முழுவதும் கால் தரையில் படாது. பிறகு பிறகு யோசித்தேன், தெரிந்தால் என்ன ஆகும்? தெரிகிற அன்றைக்கு இந்த மரியாதை போய்விடும் என்றுதானே அர்த்தம்? அந்தப் பாராட்டுக்குள்ளே ஒரு மிரட்டல் இருக்கிறது, சொல்கிறவருக்கே அது தெரியாது.

அந்தத் 'தெரியவே இல்லை'க்கு என்ன விலை என்று யாருக்காவது தெரியுமா? தாடி முடி ஒரு தடவை முளைத்துவிட்டால் மாத்திரை ஊசியால் போகாது. லேசர் வைக்க வேண்டும், பல தடவை போக வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் காசு. நான் இடுக்கி வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், வருஷக்கணக்கில். விடியற்காலை நாலரைக்கு, ஜீப் வருவதற்கு முன்னால், கண்ணாடியை ட்யூப் லைட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, மோவாயைத் திருப்பித் திருப்பி. பிடுங்கின இடம் வீங்கும், அதற்கு மேல் மஞ்சள். அப்படியும் மத்தியானம் வேர்த்தால் ஒரு பச்சை நிழல் தெரியும். காசு இருக்கிறவர்களுக்கு முகம் சீக்கிரம் மாறுகிறது. எலும்பு சின்னதாகப் பிறந்தவர்களுக்கு, சின்ன வயதிலேயே ஹார்மோன் ஆரம்பித்தவர்களுக்கு இன்னும் சுலபம். அகலத் தோளும் பெரிய கையுமாகப் பிறந்தவள் என்ன செய்வாள்? அவள் குறைந்த பெண்ணா? ஊர்க்கண்ணுக்குத் தப்பினவளுக்கு மட்டும்தான் 'வந்தாள்' என்றால், அது அதிர்ஷ்டத்துக்கும் பணத்துக்கும் கொடுக்கிற மரியாதைதானே.

குரல் இன்னும் பெரிய கஷ்டம். பெண் ஹார்மோன் எடுத்தால் தோல் மாறும், மார்பு வரும், ஆனால் பதினாலு பதினைந்து வயதில் உடைந்த குரல் திரும்ப ஏறாது. அது பயிற்சியாலோ ஆபரேஷனாலோதான் வர வேண்டும். திருநம்பிகளுக்கு, அதாவது பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர்களுக்கு, இது நேர்மாறு, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட ஆரம்பித்துக் கொஞ்ச மாதத்தில் குரல் கட்டையாகிவிடும், பிறகு அது மாறாது. எனக்குக் குரல் அப்படியே நின்றுவிட்டது. ஒரு தடவை என் கணக்கில் பணம் பிடித்துவிட்டார்கள் என்று ஒரு வங்கியின் போன் நம்பருக்குக் கூப்பிட்டேன். பெயர் கேட்டார்கள், பிறந்த தேதி கேட்டார்கள், ஆதாரின் கடைசி நாலு எண் கேட்டார்கள், எல்லாம் சரியாகச் சொன்னேன். 'சார், அக்கவுண்ட் ஹோல்டரைப் பேசச் சொல்லுங்க, இது லேடீஸ் அக்கவுண்ட்' என்றார் அந்தப் பையன். நான்தான் என்றேன். 'சார், இப்படியெல்லாம் பேசினா கம்ப்ளைன்ட் ஆயிடும்' என்றார். கடைசியில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டுப் போய் வரிசையில் நின்று சரி செய்தேன். அன்றைய வருமானம் போச்சு. மனசுக்குள் பெண்ணாக இருந்தால் போதாதா என்று கேட்கிறவரிடம் நான் கேட்பது இதுதான்: அந்தப் போனில் என் மனசை எப்படிக் காட்டுவது?

எல்லாத் திருநங்கைக்கும் ஒரே எண்ணம் என்றும் நினைத்துவிட வேண்டாம். கம்பத்தில் எனக்கு அக்கா மாதிரி ஒருவர் இருக்கிறார், அறுபதைத் தாண்டினவர், ஜமாத் என்று நாங்கள் சொல்கிற எங்கள் திருநங்கைகள் கூட்டத்தில் பெரியவர். நல்ல உயரம், கணீரென்ற குரல், அதை மாற்ற ஒருநாளும் முயன்றதில்லை. 'நான் எதுக்குடி பொண்ணு மாதிரி தெரியணும்? நான் திருநங்கை மாதிரி தெரியிறேன், நான் அதுதான்' என்பார். நடந்தால் தெருவே வழி விடும். எனக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை. ஆனால் அவரையும் ஒருத்தன் 'டேய்' என்று கூப்பிட்டால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார், அதை நான் பார்த்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்பது பெண் மாதிரித் தெரிவதை. அவமானத்தை அவரும் கேட்டு வாங்கவில்லை.

இன்னொரு பக்கம் ஒரு திருநம்பி, என்னை அக்கா என்று கூப்பிடும் பையன், மலைக்கு அந்தப் பக்கம் பெயிண்டிங் வேலை செய்கிறான். தாடி வந்துவிட்டது, குரல் மாறிவிட்டது, அவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது, வாடகை வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவனுக்கு அதுதான் வேண்டும், அது அவன் உரிமை. ஆனால் ஒருநாள் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று அடம் பிடித்தான், டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னால் என்ன செய்வது என்று. 103 டிகிரி. இரண்டு நாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருக்கும் தெரியாமல் இருப்பது நிம்மதிதான், ஆனால் அந்த நிம்மதியைக் காவல் காக்கவே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

சட்டம் இதையெல்லாம் ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் நலவாரியம் தொடங்கினார்கள், இந்தியாவிலேயே முதலாவது. சரியாக ஆறு வருஷம் கழித்து, 2014ல் அதே ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, ஒருவர் தன்னை ஆணாக உணர்கிறாரா பெண்ணாக உணர்கிறாரா மூன்றாம் பாலினமாக உணர்கிறாரா என்பதை அவரே சொல்லலாம், ஆபரேஷன் செய்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று. 2019ல் தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மாட்டோம் என்றபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல்லுக்குள் திருநங்கையும் வருவார் என்றது. ஒரே ஒரு சொல்லுக்காக இரண்டு பேர் கோர்ட் படி ஏறினார்கள். ஊர் எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

கேரளாவிலும் 2015லேயே எங்களுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள், நல்ல விஷயம். 2017ல் கொச்சி மெட்ரோ எங்கள் ஆட்களை வேலைக்கு எடுத்தபோது கூடலூரில் நாங்கள் லட்டு வாங்கிக் கொடுத்தோம். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சிலர் வேலையை விட்டார்கள். ஏனென்றால் கொச்சியில் யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை. அரசாங்கம் வேலை கொடுக்கலாம், வீட்டுக்காரர் கதவைத் திறந்து ஆளைப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷத்துக்கு என்ன உத்தரவு போடுவது?

பஸ் விஷயத்தையும் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார். உண்மைதான், 2021ல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனது, கொஞ்ச நாளில் எங்களையும் சேர்த்தார்கள். அந்தக் கட்டணமில்லாச் சீட்டில் மகளிருக்குத் தனி, திருநங்கைக்குத் தனி. இரண்டுக்கும் காசு இல்லை. ஒரு கண்டக்டர் நான் ஏறினால் ஒன்றும் கேட்காமல் ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார். இன்னொருவர் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி 'ஏய், ஒனக்கு எந்த டிக்கெட்டு? லேடீஸா, மத்ததா?' என்று கேட்டார். காலேஜ் பையன்கள் திரும்பினார்கள், ஒருத்தன் செல்போனைத் தூக்கினான். கம்பம் வருவதற்குள் இறங்கிவிட்டேன். திருநங்கைச் சீட்டு வாங்குவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, இன்னும் சொன்னால் அது வேண்டும், எத்தனை பேர் போகிறோம் என்று கணக்கில் வர வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கில்தான் முதல்முதலாக எங்களுக்கு ஒரு கட்டம் போட்டார்கள், நாடு முழுக்க 4.87 லட்சம் பேர், தமிழ்நாட்டில் 22 ஆயிரம் சொச்சம் என்று வந்தது. பயந்து சொல்லாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ. எண்ணுங்கள், நன்றாக எண்ணுங்கள். ஏலம் போடுகிற மாதிரிக் கத்தாமல் எண்ணுங்கள்.

ஏலத்தோட்டத்து ஜீப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 2012ல் ஊருக்குத் திரும்பி வந்து முதல் நாள் வேலைக்குப் போனேன். காலை ஆறு மணிக்கெல்லாம் ரோட்டோரம் ஜீப் நிற்கும், ஆள் அடைத்துக்கொண்டு வண்டன்மேடு, அணக்கரைப் பக்கம் ஏறும். பின்னால் பெண்கள், ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. காய் எடுப்பது பெண்கள் வேலை, மருந்து அடிப்பது, தூக்குவது ஆம்பளை வேலை, கூலியும் வேறு. நான் காய் எடுக்கத்தான் வந்தேன் என்று கங்காணியிடம் சொல்லியிருந்தேன். டிரைவர் பொம்பளையாள் எத்தனை, ஆம்பளையாள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். உள்ளே பேச்சு நின்றது. சின்ன வயதில் என்னை டவுசரோடு பார்த்தவர்கள் அதில் மூன்று நாலு பேர். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏறுவதா திரும்பிப் போவதா என்று நிற்கிறேன். ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியம்மா, எங்கள் அம்மாவோடு களை எடுக்கப் போனவர், தன் தூக்கை எடுத்துக் காலுக்குக் கீழே வைத்தார். 'ஏ, இங்கிட்டு வா. ஒட்டி உக்காரு, நேரமாச்சு' என்று என் கையைப் பிடித்து இழுத்தார். டிரைவரைப் பார்த்து, 'பொம்பளையாளு பதினொண்ணு. எடு வண்டிய' என்றார்.

குமுளி வரை நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெரியம்மாவின் தொடை என் தொடையில் அழுத்திக்கொண்டிருந்தது, வளைவில் வண்டி சாயும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு என் முகத்தில் பச்சை நிழல் இருந்தது, குரல் இதே குரல், புடவை கட்டினதுகூடச் சரியில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை, நான் பிறந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர் அவர். எல்லாம் தெரிந்துதான் பதினொண்ணு என்றார். நான் கேட்கிற 'பார்வை' அதுதான். கண்ணை ஏமாற்றி வாங்குவதைவிட, தெரிந்தே கொடுப்பதில்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

அதனால் உங்கள் பேப்பரிடமும் ஒன்று கேட்கிறேன் ஐயா. சித்திரை வந்தால் கூவாகத்துக்கு உங்கள் போட்டோக்காரர்கள் போகிறார்கள், நல்ல கலர் படம் போடுகிறீர்கள், 'நிஜப் பெண்களையே மிஞ்சும் அழகு' என்று கீழே எழுதுகிறீர்கள். மற்றப் பதினோரு மாதத்தில் எங்களைப் பற்றி வருவது பெரும்பாலும் அடிதடி, வழக்கு. அதில் நாங்கள் எந்தப் பெயரை விட்டு வந்தோமோ அந்தப் பெயரை முதலில் போட்டு, 'என்கிற' என்று இப்போதைய பெயரைப் போடுகிறீர்கள். போலீஸ் கொடுத்ததை அப்படியே போட்டோம் என்று சொல்லலாம். எங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2021லேயே வழக்கு நடத்தி, தமிழ்நாடு அரசு 2022ல் சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது, அது உங்கள் மேஜையில் ஒன்று இருக்கட்டும். செத்துப்போன ஒரு திருநங்கையைப் பற்றிப் போன வருஷம் ஒரு பேப்பரில், உங்களுடையது இல்லை, 'தூக்கில் தொங்கினான்' என்று போட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கும்போது சண்டை போட்டு வாங்கின ஒரே ஒரு எழுத்து. அதையும் செத்த பிறகு பிடுங்கிவிட்டார்கள். அந்தப் பேப்பரை நான் கிழித்துப் போட முடியாமல், துணி வெட்டுகிற அட்டையின் அடியில் வைத்திருக்கிறேன்.

கடைசியாக எங்கள் அம்மா. நான் திரும்பி வந்ததும் வீட்டில் சேர்த்துக்கொண்டார், அதற்கே நான் கும்பிட வேண்டும். ஆனால் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய பெயரைச் சொல்ல மாட்டார், புதுப் பெயர் வாயில் வராது. முன்பெல்லாம் வாய்க்கு வாய் 'டா' போடுவார், அது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை. 'சாப்டாச்சா', 'கடைக்குக் கெளம்பியாச்சா', 'தூங்கலையா' என்றுதான். யாரிடம் பேசுகிறார் என்றே தெரியாதபடி பேசுவதற்குத் தமிழில் எவ்வளவு வழி இருக்கிறது என்று எங்கள் அம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வருஷக்கணக்கில் இப்படியே போனது. நானும் கேட்கவில்லை, வயசானவரை என்ன கேட்பது.

ஒருநாள் சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் ஒருவர் துணி கொண்டுவந்தார் என்று போய்ப் பேசிக்கொண்டே நின்றுவிட்டேன். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, தீய்ந்த வாசம் தெரு வரை வந்தது. உள்ளேயிருந்து அம்மா கத்தினார்: 'ஏன்டி, பால வச்சுப்புட்டு எங்கடி போன? கண்ணு அவிஞ்சா போச்சு?'

துணி கொண்டுவந்தவர் என்னைப் பார்த்து, அம்மா ரொம்பக் கோபமாக இருக்காங்க போல என்றார். ஆமாம் என்றேன். உள்ளே போய் அடுப்பைத் துடைத்தேன். அம்மா பின்னாலேயே நின்று இன்னும் திட்டிக்கொண்டிருந்தார், அரை லிட்டர் பாலுக்கு அவ்வளவு திட்டு. திட்டி முடிக்கும் வரை நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயர் வேண்டாம் ஐயா, கடைக்குத் தொந்தரவு வரும். கீழே இருக்கிறபடி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கூடலூர், தேனி மாவட்டம்.